சனிக்கிழமைக் கூலியும் மூன்றாம் நாள் நடுக்கமும்



குடிக்கிறவனைக் குறித்து நம் சபைகளில் இரண்டு விதமான பேச்சே நெடுநாளாக வழங்கி வருகிறது. அவன் பாவி, மனந்திரும்பினால் விட்டுவிடுவான் என்பது ஒன்று. அவனைப் பிசாசு பிடித்திருக்கிறது, ஜெபித்தால் ஓடிவிடும் என்பது மற்றொன்று. அவனுடைய மூளை சேதப்பட்டிருக்கிறது என்னும் மூன்றாவது பேச்சு பிரசங்க பீடத்திலும் கேட்பதில்லை, வீட்டு ஜெபக்கூட்டத்திலும் கேட்பதில்லை. அது கேளாமற்போனதினால் மனிதர் சாகிறார்கள். ஆகையால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது வருத்தம் உண்டாக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நமது கொங்குப் பகுதியில் அடிக்கடி நடக்கிற ஒரு காரியத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்து வந்த ஒருவர், உபவாசக் கூட்டமொன்றில் கண்ணீரோடு முழங்கால்படியிட்டு, இனி தொடுவதில்லை என்று பொருத்தனை பண்ணுகிறார். எல்லாரும் அல்லேலூயா சொல்கிறார்கள். மறுநாள் காலை அவருடைய கை நடுங்குகிறது, வேர்க்கிறது, இரவில் தூக்கமில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்கிறார். செத்துப்போன தகப்பன் மூலையில் நிற்பதாகச் சொல்லி அலறுகிறார். மனைவியை யாரென்று அடையாளம் தெரியவில்லை. உடனே வீட்டார் யாருக்குச் சொல்லியனுப்புகிறார்கள்? ஜெபக்குழுவுக்கு. ஜெபக்குழு வந்து, பார்த்தீர்களா, பிசாசு தன்னை வெளிப்படுத்துகிறான் என்று கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரும் கொடாமல் அவரைச் சுற்றி நின்று இரவு முழுதும் சத்தமிடுகிறது. சில இடங்களில் இதற்கென்றே வீடுகள் உண்டு. கைகால் கட்டுவதும் உண்டு.

பிரியமானவர்களே, அது பிசாசு அல்ல. அதற்கு மருத்துவர்கள் சூட்டிய பெயர் டெலிரியம் ட்ரெமென்ஸ். நமது மூளையில் கிளர்ச்சியை அடக்குகிற இரசாயனமும் உண்டு, கிளர்ச்சியை எழுப்புகிற இரசாயனமும் உண்டு. மது முந்தியதைத் தூண்டி, பிந்தியதை அமுக்குகிறது. அதனால்தான் குடித்தவுடன் ஓர் அமைதி வந்தாற்போல் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடக்கும்போது, மூளை தன் சமநிலையைக் காத்துக்கொள்ளும்படி எழுப்பும் பக்கத்தை மேலும் மேலும் முடுக்கிக்கொள்கிறது. ஒருநாள் திடீரென்று மது நின்றுபோனால், அமுக்கியிருந்த கை எடுபட்டதுபோலாகி மூளை முழுவதும் கட்டுக்கடங்காமல் கொதிக்கிறது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மதிமயக்கமும் காய்ச்சலும் இருதயப் படபடப்பும் வரலாம். குடியை நிறுத்துகிற எல்லாருக்கும் இது வருவதில்லை. ஆனால் நெடுநாள் அதிகமாய்க் குடித்தவருக்கும், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கும் வர ஏது உண்டு. சிகிச்சை கிடையாதிருந்த காலத்தில் இந்நிலைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர்வரை இறந்ததாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் நூற்றில் ஐந்து பேர்கூட இறப்பதில்லை. இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான் நம்முடைய சாத்திய கதவு நிற்கிறது.

அப்படியானால் கர்த்தரால் சுகமாக்க முடியாதா ஐயா என்று கேட்பீர்கள். முடியும். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து ஆண்டு உயிர் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பின்பும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவன் பிளவையின்மேல் போடுவித்தான். வாக்குத்தத்தம் இருக்க, பத்து எதற்கு என்று அந்தத் தீர்க்கதரிசி கேட்கவில்லை. பவுலின் பிரயாணங்களில் கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன் அவன் பாவியா பரிசுத்தவானா என்று விசாரிக்காமல் காயங்கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்துப் போனான். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிற மூப்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் விசுவாசத்தில் குறைவுள்ளவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. கணையம் கெட்டால் மருத்துவர், மூளை கெட்டால் மந்திரவாதியைப்போல் ஒருவர் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

இன்னொரு கொடுமையையும் சொல்லவேண்டும். கார்ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1881-இலும், செர்கேய் கோர்சகோவ் என்னும் ருஷ்ய மருத்துவர் 1887-லிருந்தும் எழுதிவைத்த ஒரு நோய் உண்டு. இருவர் பெயராலும் இன்று வழங்குகிறது. வைட்டமின் பி1, அதாவது தையமின் என்னும் சத்து மூளைக்கு எட்டாமற்போவதே அதன் காரணம் என்று பின்னாளில் கண்டறியப்பட்டது. மது அந்தச் சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. குடிக்கிறவரோ சோறும் சரியாக உண்பதில்லை. உண்கிற தீட்டிய வெள்ளரிசியிலும் அச்சத்து அற்பமே. முதலில் நடை தள்ளாடுகிறது, கண் அசைவு கோணுகிறது, புத்தி குழம்புகிறது. அந்நேரத்தில் ஊசி வழியாகத் தையமின் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆனால் தள்ளாடுகிறவனையும் குழறுகிறவனையும் கண்டால் நாம் என்ன நினைக்கிறோம்? இன்றைக்கும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று. அந்த நாட்கள் கழிந்துபோனால் ஞாபகம் நிரந்தரமாய் அழிகிறது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் இல்லை; கேட்டால் மூளை தானே ஒரு கதையைப் புனைந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. நேற்றுத் தாராபுரம் போனேன் என்பார், போயிருக்கமாட்டார். பணத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன் என்பார், கொடுத்திருக்கமாட்டார். அவர் பொய் சொல்வதாக அவருக்கே தெரியாது. நாமோ அவரைப் பொய்யன் என்று தீர்த்து, சபைக் குறிப்பேட்டில் பெயரை அடித்து, கலியாணத்துக்கும் அழையாமல் விடுகிறோம்.

மதுவின் மேல் கண்ணோட்டமாயிருக்கிறவனுக்கு வரும் கேட்டை நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் வாசித்துப் பாருங்கள். இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், நடுக்கடலில் படுத்திருப்பவன்போல் நிலையற்றுத் தள்ளாடுவதும், அடிபட்டும் வலி உணராமற்போவதும், விழித்தவுடனே மறுபடியும் அதையே தேடுவதும் அங்கே வரிசையாக வருகின்றன. அதை எழுதியவர் குடிகாரனைத் திட்டுவதைவிட அவனைக் கூர்ந்து கவனித்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது மிடாக்குடியர்களைப் பற்றி. கொஞ்சமாகக் குடிக்கிறவர்கள், அதாவது ஞாயிறு காலை ஒழுங்காக ஆலயத்துக்கு வந்து காணிக்கையும் போடுகிறவர்கள், இவ்வளவும் வாசித்துவிட்டு நிம்மதியாய் மூச்சுவிட்டிருப்பீர்கள். உங்களிடம் இப்போது வருகிறேன்.

நீங்கள் எடுத்துக்காட்டுகிற வசனம் எனக்குத் தெரியும்: 1 தீமோத்தேயு 5:23. வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளும்படி பவுல் அந்த வாலிபனுக்கு எழுதினார். நல்ல குடிநீர் அரிதாயிருந்த காலத்தில், தண்ணீர் மாத்திரமே குடித்துவந்த ஒருவனுக்குச் சொல்லப்பட்ட வைத்திய ஆலோசனை அது. அக்காலத்து ரசத்தைத் தண்ணீர் கலந்தே பருகுவது வழக்கம். நம் ஊர்க் கடையில் விற்கிற பிராந்திப் புட்டியிலோ நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். நீங்கள் 'குவார்ட்டர்' என்று அன்போடு அழைக்கிற 180 மில்லியில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பிரிட்டனில் 8 கிராமை ஒரு அலகு என்று கணக்கிடுகிறார்கள்; அப்படியானால் ஒரு குவார்ட்டர் ஏழு அலகுக்கு மேல். வாரத்துக்கு 14 அலகைத் தாண்டவேண்டாம் என்று அந்நாட்டு மருத்துவ அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். இரண்டு குவார்ட்டரில் உங்கள் வாரம் முடிந்துவிட்டது. தீமோத்தேயுவை இந்தக் கணக்கில் சாட்சிக்கு இழுக்காதிருங்கள்.

அந்த 14 அலகும் பாதுகாப்பானதா? ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 550 பேரின் குடிப்பழக்கத்தை முப்பது ஆண்டுகளாகப் பதிவுசெய்திருந்த விவரங்களோடு அவர்களுடைய மூளை ஸ்கேனை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். மிதமாகக் குடித்தவர்களிடமும், ஞாபகத்தின் இருப்பிடமாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, குடியாதவர்களைவிட அதிகமாய்ச் சுருங்கியிருந்தது. 2022-இல் பிரிட்டன் மக்கள் 36,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை ஆராய்ந்த மற்றொரு குழு, நாளொன்றுக்கு ஓரிரு அலகு குடிப்பவர்களிடமே மூளையின் கன அளவு குறைவதைக் கண்டது. ஐம்பது வயதுள்ள ஒருவர் நாளொன்றுக்கு ஒரு அலகிலிருந்து இரண்டு அலகுக்குப் போனால், மூளை இரண்டு ஆண்டு கூடுதலாக முதிர்ந்ததற்கு ஒப்பான வித்தியாசம் தெரிந்தது. அளவு ஏற ஏற வித்தியாசம் இன்னும் வேகமாய் ஏறியது. இவை ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுக் கண்டவை. மதுவே முழுக் காரணம் என்று ஒரே ஆய்வில் நிறுவிவிட முடியாது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என அறிவித்தது.

கொஞ்சம் குடித்தால் இருதயத்துக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வந்ததே என்பீர்கள். வந்தது. அந்தப் பழைய ஆய்வுகள் பலவற்றில், நோய் வந்தபின் குடியை விட்டவர்களையும் 'குடியாதவர்கள்' பட்டியலிலேயே சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே நோயாளிகளாயிருந்தவர்களோடு ஒப்பிட்டால் மிதமாய்க் குடிப்பவன் ஆரோக்கியமாய்த்தான் தெரிவான். இதைவிட வெட்கக்கேடான சங்கதி ஒன்று உண்டு. மிதமான குடி இருதயத்தைக் காக்கிறதா என்று பார்க்க அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 10 கோடி டாலர் செலவில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதற்கான பணத்தின் பெரும்பகுதியை மது நிறுவனங்களிடமிருந்தே அதிகாரிகள் கேட்டு வாங்கியது வெளியானபோது, 2018 ஜூனில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. நரியைக் கேட்டா கிடாய்க்கு வழி விடுவது?

நம் அரசாங்கத்தின் காரியமும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2024-25-இல் அதன்மூலம் கிடைத்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்கிற கையே 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்றும் எழுதிவைக்கிறது. நாடு உண்டு, வீடு உண்டு, உயிர் உண்டு. மண்டையோட்டுக்குள் இருப்பதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூளை சுருங்கும், ஞாபகம் அழியும், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், ஆகவே மருத்துவரிடம் போ என்று ஒரு கடையின் சுவரிலாவது எழுதியிருக்கக் கண்டதுண்டா? எழுதவிடமாட்டார்கள். ஈரல் நோயையும் புற்றுநோயையும் புட்டியின் மேலேயே அச்சிடவேண்டும் என்று அயர்லாந்து 2023-இல் சட்டம் செய்தது. 2026 மே மாதம் நடைமுறைக்கு வரவேண்டியதை 2028-க்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். வியாபாரத்துக்கு முன் அறிவு எங்கும் வாசலில்தான் நிற்கிறது.

ஆகவே மதுவிலக்கு ஊர்வலம் போவோம் என்று வாலிபர் ஐக்கியத்தார் என்னிடம் கேட்கிறார்கள். போங்கள், தடுக்கவில்லை. இந்த மண்ணுக்கு அதில் பெரிய சரித்திரம் உண்டு. பக்கத்து ஈரோட்டில் 1921-இல் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்களில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் உண்டு. தன் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் அவர். கடவுள் இல்லை என்றவர் செய்ததில் பத்தில் ஒன்றை, கடவுள் உண்டு என்கிற நாம் செய்ததில்லை. 1937 அக்டோபரில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். ஆனால் கடையை மூடுவதோடு காரியம் முடிந்தது என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கோவை–கரூர் சாலைமேல் இருக்கிற நமக்கு அது நன்றாகவே தெரியும். சாலையில் மூடியவை ஊருக்குள் வந்தன. 2017 ஏப்ரலில் நம் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் அதை எதிர்த்து நின்ற பெண்களில் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை எரிக்கிறது. மரணத்துக்குமுன் பார்வை போகிறது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், அடிமைப்பட்ட மூளை தன் எஜமானைத் தேடிப் போகும். அந்த மூளைக்கு வைத்தியம் செய்கிறவர் யார் என்பதே என் கேள்வி.

கணக்கைக் கேளுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தலைமையில் நடத்தி மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? மனைவியின் மறைவில், மாமியாரின் சாபத்தில், நம் ஜெபக்குறிப்புச் சீட்டுகளில் 'குடும்ப சமாதானத்துக்காக' என்ற மழுப்பலான வரியில் இருக்கிறார்கள்.

இந்த வெட்கத்தை உடைத்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தம் கணவரை இளவயதிலேயே குடிக்குப் பறிகொடுத்தவர். பேர்பெற்ற டி.டி.கே. குடும்பம், மூடி மறைக்க வசதியும் காரணமும் இருந்தன. அவரோ 1980-இல் கணவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கி, குடி ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு என்று ஊரறியச் சொன்னார். நோயாளிக்கு மட்டுமன்றி அவன் மனைவிக்கும் அங்கே ஆலோசனை உண்டு. நம் சபைகள் அதற்கு வெகுமுன்பே அங்கே இருந்தன, ஆஸ்பத்திரிகளும் நடத்தினோம். ஆயினும் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு விதவை வரவேண்டியிருந்தது.

நோய் என்று சொன்னால் பாவத்துக்குச் சாக்கு ஆகிவிடாதா என்பது மூப்பர் ஒருவரின் வாதம். நேர்மையான வாதம்தான். முதல் கிளாஸை எடுக்கிற கை அவனுடையது. அதற்கு அவன் கணக்கொப்புவிக்கவேண்டும். ஆனால் ஆயிரமாவது கிளாஸை எடுக்கும்போது, 'வேண்டாம்' என்று சொல்லவேண்டிய முன்மூளையே மதுவில் ஊறிக் கெட்டிருக்கிறது. அந்த முன்மூளை முழுவளர்ச்சி பெற இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. நம் தறிக்கூடங்களில் குடிக்கப் பழகுகிறவர்களோ பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். சட்டம் இருபத்தொன்று என்கிறது, யார் கேட்கிறார்கள்? பெங்களூர் நிம்ஹான்ஸில் மருத்துவர் விவேக் பெனகலும் அவருடைய குழுவினரும் குடிக்கு அடிமைப்பட்ட தகப்பன்மாரின் பிள்ளைகளை ஆராய்ந்து, ஒரு சொட்டும் தொடாத அந்தப் பிள்ளைகளின் மூளையிலேயே வித்தியாசங்கள் இருப்பதைக் கண்டார்கள். அது விதி அல்ல, எச்சரிக்கை. ஓய்வுநாள் பள்ளியில் ஓரிடத்தில் உட்காராமல் துள்ளுகிற பையனைக் காதைத் திருகி வெளியே நிறுத்துகிற ஆசிரியர்கள், அவன் வீட்டில் சனிக்கிழமை இரவு எப்படிப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

சனிக்கிழமை என்றதும் இன்னொன்று. நம் சபையில் விசைத்தறி வைத்திருக்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உடம்பு வலிக்குக் குடிக்கிறான், என்ன செய்வது ஐயா என்று என்னிடம் சொல்கிறவர்களும் நீங்கள்தான். பன்னிரண்டு மணி நேரம் இரைச்சலில் நின்றால் உடம்பு வலிக்கத்தான் செய்யும். அதற்கு ஆற்றல் வேண்டியது ஓய்வும் உணவும். வாரக்கூலியைச் சனிக்கிழமை மாலை, கடை திறந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கையில் கொடுப்பதை மாற்ற உங்களால் முடியும். திங்கட்கிழமை காலையில் கொடுத்தால் எந்தத் தறி நின்றுபோகும்? ஆர்டர் முடிந்ததற்குப் பரிசாகச் சரக்கு வாங்கிக் கொடுக்கிற வழக்கம் சில கூடங்களில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அப்படிக் கொடுக்கிறவர் திருவிருந்துப் பந்திக்கு வருமுன் என்னை வந்து பார்க்கட்டும்.

மூளை திரும்பவும் தேறுகிறது என்பதையும் சொல்லவேண்டும்; இல்லாவிட்டால் இவ்வளவும் பயமுறுத்தலாகிவிடும். குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே சுருங்கிய மூளையின் கன அளவு ஓரளவு மீளத் தொடங்குவதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. தொடர்ந்து விலகியிருந்தால் பல மாதங்கள்வரை அந்த முன்னேற்றம் நடக்கிறது. எல்லாம் மீளாது, ஆனால் மீள்வது கொஞ்சமும் அல்ல. மறுபடி விழுவதும் உண்டு. விழுந்தவனைக் கண்டு, அவன் சாட்சி பொய்யாய்ப்போயிற்று என்று பேசாதிருங்கள். சர்க்கரை கூடினவரைப் பார்த்து நாம் அப்படிப் பேசுவதில்லை.

எனவே செய்யவேண்டியவை. நாள்தோறும் குடிக்கிற ஒருவர் நிறுத்தத் தீர்மானித்தால், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ஜெபக்குழு கூடவே போகட்டும், வெளியே நின்று ஜெபிக்கட்டும். நடுக்கம், வலிப்பு, மதிமயக்கம் கண்டால் இரவானாலும் 108-ஐ அழையுங்கள். நிறுத்துவதற்கு ஆலோசனை வேண்டுமானால் 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது, மனவருத்தத்துக்கு 14416. தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மருந்து என்று விற்பதை வாங்காதிருங்கள். அவற்றில் சில, மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலய வளாகக் கூடத்தில் மனநல மருத்துவர் ஒருவர் வந்து பேசுகிறார். வேண்டுமென்றே கூலி கொடுக்கிற நேரத்தில் வைத்திருக்கிறேன். பாட்டு இல்லை, காணிக்கை இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. குடித்திருப்பவர் வந்தாலும் உட்காரவையுங்கள். பெண்கள் தனியே பேச விரும்பினால் பின்னறை திறந்திருக்கும்.